குறுக்குக்கல்

சீத்வெயிட்டில் நாலைந்து வீடுகள், ஒரு பண்ணை,
மிச்சமெல்லாம் மழை.
இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களில்
அதிகம் நனைவது இதுதான் என்று
வில்ஃப் டைசன் சொல்கையில்
கோப்பை வாங்கியவரின் தோரணை.

வாரநாளில் நான் வொர்க்கிங்டனில்
பல் மருத்துவர் வாசலில் பெயர் பதிகிறவள்.
சனிக்கிழமை, கடப்பாரையோடு
ஸ்டை ஹெட் ஏறும் பாதையில்.

பாதை என்றா சொன்னேன்?
பூட்ஸ் பட்டுப் பட்டுப் புல் போய்,
புல்லுக்கடியில் கரிய சதுப்புமண் போய்,
ஓர் ஆள் அகலம் ஒன்பது ஆள் அகலமாகி
கீழே ஆற்றில் மலை கரைந்துகொண்டிருக்கிறது.
சேற்றுக்குப் பயந்து ஓரமாய் ஒதுங்கி நடந்தவர்கள்தான்.
யாரும் கெட்டவர்களில்லை.

கல்லைப் படுக்கவைக்கக் கூடாது.
நிறுத்திப் புதைக்க வேண்டும்,
மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள்.
வெளியே தெரிவது கடைவாய்ப்பல் அளவு.
எனக்கு இது புதிதில்லை.
ஈறு இறங்கினால் என்ன ஆகுமென்று
தினமும் எக்ஸ்ரே கவரில் போட்டுக் கொடுக்கிறேன்.

சரிவில் எடுத்த கல்லுக்குப்
பாசி படிந்த முகம் மேலே இருக்க வேண்டும்.
எடுத்த குழியில் புல்கட்டி.
திருடிய வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகும் திருடர்கள் நாங்கள்.
கல் நிற்காத சதுப்பில்
விலைபோகாத ஆட்டுக் கம்பளியை விரித்து
அதன்மேல் சரளை.
அந்த இடத்தில் மட்டும் நடக்கும்போது
மலை லேசாக மூச்சுவிடுகிறது.

வளைவில் யாரோ ஏழு கல் அடுக்கியிருந்தார்கள்,
பெரிதின்மேல் சிறிதாய், புகைப்படத்துக்கு.
கலைப்பதும் எங்கள் வேலைதான்.
ஒவ்வொன்றும் எங்கோ மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த கல்.
எங்கள் பக்கத்துக் கோவில் மலைகளில்
வீடு கட்ட வேண்டிக்கொண்டு இப்படி அடுக்குவார்கள்.
கை கொஞ்சம் நின்றது.
"என்ன?" என்றாள் பிரையனி.
"யாருடைய மாடியோ," என்றேன் தமிழில்.
கலைத்தேன்.

அடியில் கிடந்த முழங்கை நீளக் கல்லைப் புரட்டினால்
பட்டாணி பட்டாணியாய் வட்டங்கள்.
பிரையனி கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள்.
"மழை," என்றாள்.

எரிமலைச் சாம்பல் வானத்தை அடைத்து நின்றபோது பெய்தது.
துளி ஒவ்வொன்றும் சாம்பலைப் போர்த்திக்கொண்டு
உருண்டையாய் விழுந்து, இறுகி,
நாற்பத்தைந்து கோடி வருஷம்.
அப்போது இந்த நிலம்
பூமத்திய ரேகைக்குத் தெற்கே எங்கோ இருந்ததாம்.
நீ எந்த ஊர், நிஜமாக எந்த ஊர் என்று
இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக ஆசை வந்தது,
மறைப்பானேன்.
தூக்கிப் பார்த்தேன்.
பதினைந்து கிலோ இருக்கும், மழை.

வில்ஃப் நிமிராமலே சொன்னார்:
"அந்த நீளம் தண்ணி திருப்பச் சரியா வரும்."

பாதைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக,
ஓடிவரும் நீரை ஓரத்துப் புல்லுக்கு மடைமாற்ற
ஒரு கல் வேண்டும்தான்.
வட்டங்கள் மேலே தெரிந்தால்
நாளைக்கே ஒருவன் சுத்தியலோடு வருவான்.
கீழே பார்க்க வைத்துப் புதைத்தேன்.
கடப்பாரையின் பின்முனையால் இடித்துக் கெட்டிப்படுத்தினேன்.
தேவைக்கு அதிகமாகவே இடித்தேன்.

மூன்று மணிக்கு, தூறலா சாரலா என்று
நான் பெயர் தேடுவதற்குள் கொட்டிவிட்டது.
பாதை முழுக்கச் செந்நீர்.
கல்லில் வந்து முட்டியது, தயங்கியது,
புல் பக்கம் போனது.
வில்ஃப் ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.
முக்காடிட்ட ஒரு ஜோடி இறங்கி வந்து
கல்லைத் தாண்டி,
குனிந்தும் பாராமல்,
கேக் கடை இன்னும் திறந்திருக்குமா என்று பேசியபடி போனது.
எங்களுக்கு அது போதும்.

ஈர நோட்டில் பிரையனி எழுதினாள்.
செய்த நீளம்: நாலரை மீட்டர்.
மழை என்ற கட்டத்தில்
பேனாவைக் கொஞ்சம் உதறிவிட்டு:
உண்டு.